இமயங் கடந்த ஒற்றர்

தோற்றுவாய்

அரசு தோன்றிய நாள்தொட்டே ஒற்றும் தோன்றிற்று என்னலாம். தன் நாட்டில் நிகழ்வதையும் அயல்நாட்டில் நிகழ்வதையும் உள்ளவாறு அறியாத வேந்தன், கண் பெற்றிருந்தும் இருளிடை நடப்பவனை ஒப்பான். ஆதலின் பண்டை அரசியல் நூலோர் ஒற்றின் இலக்கணத்தை விரித்துக் கூறினர். நம் திருவள்ளுவனார் பொருட்பாலில் ஒற்றாடல் எனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தனர். கண்டவர் ஐயுறாத தோற்றமும், பிடிபட்ட இடத்தும் அஞ்சாமையும், உள்ளத்திலுள்ளதை வெளிவிடாமையும் ஒற்றனுக்கு வேண்டும் என்பதும், அவன் துறவியர் வேடந் தாங்கிச் செல்லலாம் என்பதும், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக்கொண்டு சோதித்தல் வேண்டும் என்பதும், ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல் ஒத்தவிடத்தே தெளியலாம் என்பதும், ஒற்றனுக்குப் பலரறியச் சிறப்புச் செய்தால் மறைபொருள் தானே வெளிப்பட்டுவிடும் என்பதும் அவ்வதிகாரத்திற் காணும் கருத்துக்களாம்.

வடமொழியிற் கௌடலியர் பெயரால் வழங்கும் அர்த்தசாஸ்திரமும் இப்பொருளை மிக விரிவாகப் பேசுகின்றது. நெடுங்காலம் மறைந்து கிடந்த அந்நூல், தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் மைசூர் நூல்நிலையத்திற்கு அளித்த ஏட்டுச்சுவடியால் வெளிப்போந்து, 1909ஆம் ஆண்டில் ஆர். சாமசாஸ்திரியாரால் அச்சேறிற்று. மாணவன், துறவு நீங்கியவன், இல்வாழ்வான், வணிகன், தவசி என்னும் கோலங்களில் ஒற்றர் அமர்த்தப்படும் முறையை அந்நூல் கூறும். மூவர் சொல் ஒத்தவிடத்தே தேறுக என்னும் விதியும் அதன்கண் உண்டு. சீன நாட்டுச் சுன்சூவின் போர்நூலும் தன் இறுதி அதிகாரமாகிய 13ஆம் அதிகாரத்தை ஒற்றர்க்கே உரியதாக்கி, அவரை ஐவகைப்படுத்துகின்றது.

இந்நூல்கள் யாவும் ஒற்றனை ஏவுகின்ற அரசன் பக்கம் நின்று பேசுவன. ஒற்றன் எத்தகையனாதல் வேண்டும், அவன் சொல்லை எங்ஙனம் ஆராய்தல் வேண்டும் என்பவற்றை அவை ஐயமறக் கூறுகின்றன. ஆயின் ஒற்றாடலில் அரசன் ஒருவன், ஒற்றன் ஒருவன் என்று இருவரே உளர் என்று எண்ணுதல் பொருந்தாது. மூன்றாமவன் ஒருவன் உளன். வேடத்தை மெய்யென்று நம்பிக் கதவு திறந்தவனும், பசித்தவனுக்குச் சோறிட்டவனும், வழி கேட்டவனுக்கு வழி காட்டியவனும் ஆகிய அவனே அம்மூன்றாமவன். செயல் முடிந்தபின் அரசன் செய்தி பெறுகின்றான். ஒற்றன் உயிரோடு மீண்டானாயிற் பொருளோ புகழோ பெறுகின்றான். அம்மூன்றாமவன் பெறுவது யாது? இவ்வினாவை உள்ளத்திற்கொண்டு, 19ஆம் நூற்றாண்டில் இமயமலைக்கு வடக்கே நிகழ்ந்த ஓர் ஒற்று வரலாற்றை அன்பர்கட்கு எடுத்துரைக்கப் புகுந்தோம். அவ்வரலாற்றிற் பெயர் பெற்ற இருவர் பள்ளியாசிரியர் ஆதலின், பிள்ளைகட்குக் கற்பித்து வாழும் எம்மனோர்க்கு அஃது ஏனையோரினும் நெருங்கிய பொருளாகின்றது.

பரங்கிமலையில் தொடங்கிய அளவை

இவ்வரலாற்றின் வேர் நம் நாட்டிலேயே உள்ளது. 1802ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவர் சென்னைக்கு அணித்தான பரங்கிமலையருகே ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தனர். அக்கோட்டினை ஒரு பக்கமாகக் கொண்டு முக்கோணங்களை ஒன்றன்மேலொன்றாகத் தொடுத்து, இந்தியா முழுவதையும் அளந்து நிலப்படம் வரைவதே அவர்தம் நோக்கம். மலையில்லாத சமவெளிகளிற் கோயிற் கோபுரங்களே அவர்க்கு மேடையாயின. 1808ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலின்மீது பெரிய கோணமானியை ஏற்றுங்கால் கயிறறுந்து கருவி சிதைவுற்றதும், அதனை அவர் தம் கையாலேயே செப்பனிட்டதும் அவ்வளவையின் வரலாற்றிற் பெயர்பெற்ற நிகழ்ச்சிகள். அவர்க்குப்பின் எவரெஸ்டு என்பவர் காலத்தில் அம்முக்கோணத்தொடர் இமயத்தின் அடிவாரத்துத் தேராதூனை எட்டிற்று.

அதற்கப்பால் நிலப்படம் வெறுமையாயிருந்தது. திபெத்து நாடு அயலார்க்குக் கதவடைத்திருந்தது. 1791, 1792ஆம் ஆண்டுகளிற் கூர்க்கர் படையெடுப்பு நிகழ்ந்தபின் அந்நாட்டாரும், அவர்மேல் தலைமை செலுத்திய சீனப் பேரரசரும் ஐரோப்பியரை உள்ளே விட மறுத்தனர். தெற்கே நாடுகளை ஒவ்வொன்றாக ஆங்கிலேயர் விழுங்கி வந்ததை நோக்கின் அவரது அச்சத்திற்குக் காரணமில்லையென்று கூறுதல் இயலாது. மற்றொரு புறம் ருசியரும் நடு ஆசியாவிற் பரவி வந்தனர். 1865இல் தாஷ்கண்டும், 1868இல் சமர்க்கண்டும் அவர்வசமாயின. இடைப்பட்ட நாடுகளின் வழிகளையும், மலைக்கணவாய்களையும், ஆறுகளையும், படைநிலைகளையும் அறிந்துவிடவேண்டும் என்னும் விருப்பம் ஆங்கில அரசாங்கத்தாரிடம் மிக்கெழுந்தது. ஆனால் வெள்ளையர் செல்லின் உயிர்க்கு உறுதியில்லை. அடோல்பு ஷ்லாகின்ட்வைட் என்னும் செருமானிய அறிஞர், ஒற்றரென்று ஐயுறப்பட்டு 1857ஆம் ஆண்டிற் காஷ்கரிலே தலை வெட்டுண்டு மாய்ந்தார்.

அந்நிலையில், காசுமீரத்தை அளந்துகொண்டிருந்த மாண்ட்கொமரி என்னும் படைத்தலைவர், லடாக்குக்கும் யார்க்கந்துக்கும் இடையே இந்நாட்டு வணிகர் தடையின்றிச் சென்றுவருவதைக் கண்டனர். வெள்ளையர் செல்லவியலாத இடத்திற்கு இந்நாட்டாரைப் பயிற்றி அனுப்பலாமே என்று 1862ஆம் ஆண்டில் அவர் மேலிடத்திற்கு எழுதினர். முதற்கண் அப்துல் ஹமீது என்னும் முன்ஷி 1863இல் யார்க்கந்துக்கு அனுப்பப்பட்டனர். அவர் அந்நகரின் இருப்பிடத்தைக் கணித்துவிட்டு மீளும் வழியில், 1864ஆம் ஆண்டில், லடாக்கை அணுகும் முன்னரே இறந்துபட்டனர். அவர் குறித்துவைத்த தாள்கள் மட்டும் கைக்கு வந்தன. அத்தாள்களே போதும், முறை பலிக்கும் என்று மேலோர் தெளிந்தனர். செய்தி வந்துவிட்டது, ஆள் வரவில்லை என்னும் இம்முதற் கணக்கை அன்பர்கள் நினைவிற் கொள்க.

மிலாம் ஊர் ஆசிரியர்

குமாவோன் மலைநாட்டில், ஜோஹார்ப் பள்ளத்தாக்கில், மிலாம் என்பது ஓர் உயர்ந்த மலையூர். அவ்வூரார் கோடைதோறும் கணவாய்களைக் கடந்து திபெத்தியரோடு வாணிகஞ் செய்பவர்; ஆதலின் அந்நாட்டு மொழியும் வழக்கமும் அவர்க்குப் பழகியவை. அவ்வூரினராகிய நைன்சிங் என்பவர் 1830ஆம் ஆண்டிற் பிறந்தார். இளமையில் ஷ்லாகின்ட்வைட் உடன்பிறந்தாரோடு மலைகளிற் சுற்றிக் கருவிகளைக் கையாளப் பழகினார். பின்னர்த் தம் ஊர்ப் பள்ளியில் ஆசிரியராயினார். ஆசிரியராதலின் மக்கள் அவரைப் பண்டிதர் என்று அழைத்தனர். அப்பெயரே பின்னர் ஆங்கில ஏடுகளில் அவர்க்கு மறைபெயராயிற்று. அவரைப் பின்பற்றி இமயங் கடந்து ஒற்றச் சென்றோர் அனைவர்க்கும் 'பண்டிதர்' என்பதே பொதுப்பெயராய் நின்றுவிட்டது. கல்வியைக் குறிக்க எழுந்த ஒரு சொல் ஒற்றைக் குறிக்கும் சொல்லாக மாறியது சொல்வரலாற்றில் வியக்கத்தக்க ஒன்று.

1863ஆம் ஆண்டில் நைன்சிங்கும் அவர் உறவினர் மணிசிங்கும் தேராதூனுக்கு வருவிக்கப்பட்டுப் பயிற்சி பெற்றனர். மேடாயினும் பள்ளமாயினும், அடி ஒரே அளவினதாக விழுமாறு நடக்கப் பழகுதல் அப்பயிற்சியின் தலையாய பகுதி. ஏறத்தாழ 2000 அடிவைப்பு ஒரு மைலாகும். அவ்வடிவைப்புக்களை எண்ணிக்கொள்ளும் உபாயமே மிக நுட்பமானது. பௌத்தர் கையிலுள்ள செபமாலைக்கு மணிகள் 108. இவர்க்கென ஆக்கிய மாலையில் 100 மணிகளே கோக்கப்பட்டன. நூறு அடி வைத்தவுடன் ஒரு மணி தள்ளப்படும். மாலை ஒருமுறை சுற்றினால் 10,000 அடிவைப்பு, அஃதாவது ஏறத்தாழ 5 மைல். எட்டு மணிகள் குறைந்ததை வழியிற் கண்டோர் எவரும் எண்ணிப் பார்த்திலர். செபம் செய்பவன் வாயை இடையிற் கிளறுதல் முறையன்று என்று அந்நாட்டார் விலகிச் சென்றனர். அவரது மந்திர உருளைக்குள் மந்திரத்திற்கு மாறாக வெற்றுத்தாள் இருந்தது. வழியின் தூரமும் திசையும் அதன்கண் குறிக்கப்பட்டன. கைத்தடிக்குள் வெப்பமானியும், சோழிகளுக்குள் பாதரசமும், பெட்டியின் பொய்யடிக்குள் விண்மீன்களின் உயரத்தை அளக்குங் கருவியும் மறைந்திருந்தன. நீர் எவ்வளவு வெப்பத்திற் கொதிக்கின்றது என்பதைக்கொண்டு அவ்விடத்தின் உயரத்தை அறிதலும் அவர்க்குக் கற்பிக்கப்பட்டது.

1865ஆம் ஆண்டில் இருவரும் நேபாளம் சென்று, அங்கிருந்து திபெத்திற்குள் நுழைய முயன்றனர். எல்லைக் காவலர் திருப்பி அனுப்பவே, இருவரும் பிரிந்தனர். நைன்சிங் வேறு வழியாய் நுழைந்து, லடாக்கு வணிகர் கூட்டத்தோடு கலந்து, 1866ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் லாசா நகரை அடைந்தார். ஏறத்தாழ மூன்று திங்கள் அங்குத் தங்கினார். இரவில் விடுதி மாடத்தினின்று விண்மீன்களை அளந்து நகரின் அட்சரேகையைக் கணித்தார். லாசாவின் உயரம் 11,699 அடி என அவர் கண்டது, இக்காலக் கணக்காகிய ஏறத்தாழ 12,000 அடிக்கு எத்துணை நெருங்கியிருக்கின்றது என்பதை நோக்குக! கையிற் பொருள் தீர்ந்தபோது, அங்கிருந்த நேபாள வணிகர்கட்கு இந்நாட்டுக் கணக்கெழுதும் முறையைக் கற்பித்து வயிறு வளர்த்தார். எங்குச் சென்றாலும் ஆசிரியன் தொழில் ஆசிரியனைக் காத்தது.

இடையில் அவரது வேடம் ஒருமுறை வெளிப்பட்டது. காசுமீர மரபினராகிய முகமதிய வணிகர் இருவர் அவரை ஐயுற்று வினவ, அவர் உண்மையைக் கூறிவிட்டார். அவர்கள் காட்டிக்கொடுத்திருப்பின் அவர் தலை அன்றே உருண்டிருக்கும். அவர்களோ அதனை மறைத்ததோடு பொருளும் கடனாகக் கொடுத்துதவினர். அவ்விருவரைப் பற்றி வரலாறு இதற்குமேல் ஒன்றும் கூறவில்லை. யாம் மேலே கூறிய மூன்றாமவர் வரிசையில் அவரையும் வைத்து எண்ணுக.

அவ்வாண்டு ஏப்பிரல் திங்களில் லாசாவை விட்டுப் புறப்பட்ட நைன்சிங், சாங்போ ஆற்றின் வழியே மேற்கு நோக்கி நடந்து, மானசரோவரம் கடந்து இந்தியா மீண்டார். ஏறத்தாழ 1200 மைல். ஏறத்தாழ 25 இலட்சம் அடிவைப்பு. பின்னரும் 1867இல் மேற்குத் திபெத்தின் பொற்சுரங்கங்களுக்கும், 1874, 1875ஆம் ஆண்டுகளில் லே நகரிலிருந்து லாசா வழியாய் அஸ்ஸாமுக்கும் சென்றார். 1877ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரத்து அரச பூகோள சங்கத்தார் அவர்க்குத் தங்கப்பதக்கம் அளித்தனர். 2004ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் அவர் உருவம் பொறித்த அஞ்சல் முத்திரையை வெளியிட்டது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. ஒற்றனுக்குப் பலரறியச் சிறப்புச் செய்தல் ஆகாதென்பது வள்ளுவனார் துணிபு. மாண்ட்கொமரியோ 1868ஆம் ஆண்டிலேயே, நூறு மணி மாலையையும் மந்திர உருளையையும் விளக்கி, பண்டிதரின் முதற் பயணத்தை அப்பூகோள சங்கத்தின் ஏட்டில் அச்சிட்டுவிட்டனர். ஆள் பெயர் மறைக்கப்பட்டது, உபாயம் மறைக்கப்படவில்லை. அதே மாலையோடும் உருளையோடும் அதற்குப் பின்னும் பலர் அனுப்பப்பட்டனர். புகழ் ஓரிடத்தில் விளைய, இடர் வேறிடத்தில் விளைந்தது. நைன்சிங்கின் உறவினர் கிஷன்சிங் 1878 முதல் 1882 வரை மங்கோலிய எல்லைவரை சென்று அளந்தார். கள்வர் அஞ்சிக் குதிரைமேல் விரையவேண்டிய இடத்து, தம் அடியை விடுத்துக் குதிரையின் அடியை எண்ணினார். அவர் எலும்புந் தோலுமாய் வீடு மீண்டபோது, தம் ஒரே மகன் இறந்துவிட்டதை அறிந்தார்.

சொல் தவறாத தையற்காரர்

பண்டிதர் என்னும் பெயர் பெற்ற இவ்வொற்றருள் எழுத்தறிவே இல்லாத ஒருவரும் உளர். அவர் சிக்கிம் நாட்டவர், தார்ஜிலிங்கில் தையல் தொழில் செய்தவர், பெயர் கிந்தப். திபெத்தில் ஓடும் சாங்போவும் அஸ்ஸாமில் இறங்கும் பிரமபுத்திராவும் ஓர் ஆறுதானா என்பது அந்நாளிற் பெருவழக்காயிருந்தது. அதனைத் தெளிய ஹார்மன் என்னும் படைத்தலைவர் 1880ஆம் ஆண்டில் ஒரு சீன லாமாவை அனுப்பி, அவர்க்குத் துணையாகக் கிந்தப்பைச் சேர்த்தனர். குறியிட்ட மரத்துண்டுகளைத் திபெத்தில் ஆற்றில் விடவேண்டும். அவை அஸ்ஸாமில் மிதந்து வருகின்றனவா என்று காவலிருந்து பார்க்கவேண்டும். இதுவே ஏற்பாடு.

அந்த லாமா பொருளைச் சூதிலும் பிறவற்றிலும் அழித்து, இறுதியிற் கிந்தப்பை ஓர் ஊர்த்தலைவனிடம் அடிமையாக விற்றுவிட்டு மறைந்தான். கிந்தப் தப்பியோடி, மார்ப்புங் என்னும் ஊர் மடத்திற் புகல் அடைந்தார். தேடிவந்தோர்க்கு 50 ரூபாய் கொடுத்து மடத்துத் தலைவர் அவரை விலைக்குக் கொண்டார். அம்மடத்தில் ஊழியஞ் செய்துகொண்டே, வழிபாட்டிற்குச் செல்ல விடை வேண்டுவார்போல விடைபெற்று, காட்டுட் சென்று 500 மரத்துண்டுகளை வெட்டி ஒரு குகையில் ஒளித்தார். மீண்டும் விடைபெற்று லாசா சென்று, இன்ன நாள்தொட்டு நாளொன்றுக்கு 50 துண்டு வீதம் விடுவேன் என்று ஹார்மனுக்கு ஒருவரைக்கொண்டு கடிதம் எழுதுவித்து அனுப்பினார். பின்னர் மடத்திற்கே மீண்டு, சொன்ன நாளிற் சொன்னவாறே பத்து நாளில் ஐந்நூறு துண்டுகளையும் ஆற்றில் விட்டார்.

அக்கடிதம் உரியவர்க்குச் சேரவில்லை. ஹார்மன் நோயுற்று இந்தியாவை விட்டு நீங்கியிருந்தார். அஸ்ஸாமில் ஆற்றை நோக்கிக் காத்திருந்தார் ஒருவருமில்லை. ஐந்நூறு துண்டுகளும் காண்பாரின்றிக் கடல் சேர்ந்தன. நான்கு ஆண்டு கழித்து, 1884இல், கிந்தப் தார்ஜிலிங் மீண்டு தாம் கண்டவற்றைக் கூறியபோது, எழுத்தறியாதவன் சொல்தானே என்று பலர் ஐயுற்றனர். அவர் மீண்டும் ஊசியை எடுத்துக்கொண்டார். 1913ஆம் ஆண்டில் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்னும் ஆங்கிலேயர் இருவர் அப்பள்ளத்தாக்கை நேரிற் சென்று கண்டபோது, கிந்தப் கூறியவை பெரும்பாலும் உண்மையென்று தெளிந்தனர். சாங்போவின்மீது 150 அடி உயரமுள்ள நீர்வீழ்ச்சி உண்டென்று அவர் பெயரால் ஏறியிருந்த பிழை, அவர் சொன்னதை எழுதினோர் செய்ததென்பதும், வேறொரு சிற்றருவியைப் பற்றி அவர் கூறியது மாறி எழுதப்பட்டதென்பதும் அவரையே வினவி அறியப்பட்டன. பெய்லியின் வற்புறுத்தலால் அரசாங்கத்தார் அவர்க்கு 1000 ரூபாய் கொடுத்தனர். அதன்பின் அவர் நெடுநாள் வாழ்ந்திலர்.

ஒற்றன் சொல்லை மற்றோர் ஒற்றனால் ஆராய்க என்னும் விதி நன்றே. ஆயின் அவ்வாராய்ச்சிக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு கழிந்ததென்றால், அதன் குறை விதியிலன்று, சொன்னவன் நிலையைக்கொண்டு சொல்லை எடையிட்ட மனப்பான்மையிலே உள்ளது. தம்மை விலைக்குக் கொண்ட மடத்திலேயே இருந்து, தம்மை மறந்துவிட்ட மேலோர்க்குக் கொடுத்த சொல்லைக் காத்த அத்தையற்காரரை, ஏட்டுப்படிப்பு மிக்க நாமெல்லாம் எண்ணிப் பார்த்தல் தகும்.

தலைமையாசிரியரும் லாமாவும்

இனி யாம் முதற்கண் எழுப்பிய வினாவுக்கு விடை தரும் நிகழ்ச்சிக்கு வருவோம். 1874ஆம் ஆண்டில் தார்ஜிலிங்கிற் பூட்டியாச் சிறுவர்க்கென அரசாங்கத்தார் ஒரு பள்ளி நிறுவினர். வங்க நாட்டுச் சிட்டகாங்கைச் சேர்ந்த சரத் சந்திர தாசர் அதன் தலைமையாசிரியராயினர். திபெத்து மொழியைக் கற்று அதன்கண் பேரார்வங் கொண்ட அவர், 1879ஆம் ஆண்டில், அப்பள்ளியில் திபெத்து மொழி கற்பித்துவந்த உக்யென் கியாத்சோ என்னும் லாமாவோடு தாஷிலுன்போ மடத்திற்குச் சென்றார். கல்வி கற்க வந்த மாணவர் என்பதே அவர் அங்குக் கொண்ட நிலை. உண்மையிலேயே அவர் கற்கவும் செய்தார். அஃதுடன் வழிகளையும் நாட்டு நிலைமையையும் குறித்து அரசாங்கத்திற்கும் அளித்தார்.

அம்மடத்திற் பெருநிலையிலிருந்த செங்சென் லாமா என்பவர் இவரை அன்புடன் ஏற்றனர். அவர் அறிவு வேட்கை மிக்கவர். ஆங்கில எழுத்தையும் கணக்கையும் இவரிடம் கற்கத் தலைப்பட்டார். ஒளிப்படம் எடுக்குங் கலையையும் அறிய விரும்பினார். கல்லச்சுப் பொறி ஒன்றையும் இந்தியாவிலிருந்து வருவித்தார். 1881ஆம் ஆண்டில் தாசர் இரண்டாம் முறை சென்றபோது, லாமாவின் ஊராகிய தோங்சேயில் பெருங்குடியாகிய பாலா குடும்பத்தாரும் அவர்க்கு ஆதரவளித்தனர். அவ்வாதரவாலேயே அவர் 1882இல் லாசாவைக் காணப்பெற்றார். மீண்டு வந்து அவர் எழுதிய அறிக்கைகளை அரசாங்கத்தார் மறைவாக அச்சிட்டுத் தமக்குள் வைத்துக்கொண்டனர். தாசர்க்குப் பட்டமும் சிறப்பும் கிடைத்தன.

சில காலத்திற்குப் பின் உண்மை லாசாவுக்கு எட்டிற்று. அந்நிய அரசின் ஒற்றனுக்கு இடங்கொடுத்தார் என்னுங் குற்றம் செங்சென் லாமாவின்மீது சாற்றப்பட்டது. 1887ஆம் ஆண்டில் அவரை ஆற்றில் ஆழ்த்திக் கொன்றனர். பாலா குடும்பத்துத் தலைவரும் அவர் மனைவியும் சிறையிடப்பட்டனர். ஏவலாளர் கொடிய உடற்றண்டனைக்கு உள்ளாயினர். லாமா சாவை அமைதியுடன் ஏற்றார் என்றும், சூழ நின்றோர் அழுதனர் என்றும், பிற்காலத்தில் அந்நாட்டிற்குச் சென்ற கவாகுச்சி என்னும் சப்பானியத் துறவி தாம் கேள்வியுற்றவாறு எழுதியிருக்கின்றார்.

செங்சென் லாமா செய்த குற்றம் யாது? மாணவனாய் வந்தவனை மாணவன் என்று நம்பினார். தாம் அறியாததை அவனிடமிருந்து அறிய விரும்பினார். கல்வியின்பொருட்டுக் கதவு திறந்தார். தாசரின் உள்ளத்திற் பகையில்லை என்பதையும், அவர் திபெத்தை மெய்யாகவே நேசித்தார் என்பதையும் யாம் மறுக்கவில்லை. 1902ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட திபெத்து-ஆங்கில அகராதி இன்றும் அறிஞர்க்குப் பயன்படுவதே. கொலை செய்தது திபெத்து அரசு என்பதும் உண்மையே. அதன் கொடுமையை யாம் மறைக்கப் புகவில்லை. ஆயினும், அகராதி ஒருபுறமும் ஆறு ஒருபுறமும் நிற்க, இடையே உள்ள தொடர்பை வரலாறு எழுதுவோன் விடுத்துச் செல்லுதல் அறமாகாது.

இவ்விடத்து அக்கவாகுச்சி செய்த செயலையும் கூறுதல் வேண்டும். அவர் பௌத்த நூல்களைத் தேடித் தம் நாட்டை மறைத்துக்கொண்டு லாசாவிற் பயின்றவர். 1902ஆம் ஆண்டில் அவர் உண்மை நிலை வெளிப்படவே, ஆங்கிலேயரின் ஒற்றர் என்னும் ஐயம் அவர்மேல் விழ, அவர் தப்பி இந்தியா வந்தனர். தமக்கு இடங்கொடுத்தவரும் கற்பித்தவரும் லாசாவிற் சிறைப்பட்டனர் என்று கேட்டவுடன், அவர் தம் நாட்டிற்குக் கப்பலேறினாரல்லர். 1903ஆம் ஆண்டில் நேபாளஞ் சென்று, அந்நாட்டு மகாராஜாவாகிய சந்திர ஷம்ஷேரைக் கண்டு, அவர்களை விடுவிக்குமாறு தலாய் லாமாவுக்கு எழுதிய விண்ணப்பத்தை அவர்வழி அனுப்பினர். தம்மை நம்பியவரின் துன்பத்தைத் தம் துன்பமாகக் கொண்ட அச்செயல் இவ்வரலாற்றில் தனியே ஒளிர்கின்றது.

ஒற்றின் பயன்

நிற்க. நாற்பது ஆண்டாகத் திரட்டிய இச்செய்தியெல்லாம் என்னாயிற்று? கர்சன் பிரபு இராசப்பிரதிநிதியாயிருந்த காலத்தில், ருசியர் திபெத்தில் மறைவாக இடம் பெறுகின்றனர் என்றும், படைக்கலம் அனுப்புகின்றனர் என்றும் செய்திகள் வந்தன. அவற்றை நம்பி 1903ஆம் ஆண்டில் யங்ஹஸ்பண்டு தலைமையில் ஒரு படை அனுப்பப்பட்டது. பண்டிதர் அடியளந்து வரைந்த படங்களின் துணையால் அது முன்னேறிற்று. 1904ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 31ஆம் நாள் குரு என்னும் இடத்தில், பழந்துப்பாக்கியும் வாளுமே உடைய திபெத்தியர் பலநூறுவர் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு இரையாயினர். ஆகஸ்டுத் திங்களில் அப்படை லாசாவுட் புகுந்தது. அங்கு ருசியப் படையுமில்லை; குவியல் குவியலாகப் படைக்கலமுமில்லை.

நிலத்தின் உயரத்தை முந்நூறு அடிக்குட்பட்ட பிழையோடு அளந்தறிந்த ஓர் அரசாங்கம், அந்நாட்டாரின் உள்ளக்கிடக்கையை அறிவதில் தவறியது எங்ஙனம்? ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல்லை ஒத்துப் பார்க்கும் பொறுமை அங்கில்லை. தாம் அஞ்சியதையே உண்மையென்று கொள்ளும் விரைவே இருந்தது. ஒற்றின் வரலாற்றில் இக்குறை அன்று மட்டும் நிகழ்ந்ததன்று. செய்தியைத் திரட்டுதல் வேறு, அதனைத் தெளிதல் வேறு. முன்னது காலால் ஆவது. பின்னது நடுவுநிலை உடைய உள்ளத்தால் ஆவது.

முடிவுரை

விவிலியத்தின் யோசுவா நூலில் ஒரு வரலாறு உண்டு. எரிகோ நகரை ஒற்ற வந்த இருவர்க்கு இராகாபு என்னும் பெண் தன் வீட்டில் இடங்கொடுத்து மறைத்தாள். அவ்விருவரும், நகர் வீழும் நாளில் அவளும் அவள் சுற்றமும் பிழைக்குமாறு ஆணையிட்டுக் கொடுத்தனர். சன்னலிற் கட்டிய சிவப்பு நூல் அதற்கு அடையாளமாயிற்று. அவ்வாணையும் காக்கப்பட்டது. ஒற்றாடலிலும் இடங்கொடுத்தவர்க்குக் கடன் உண்டு என்பதை அப்பழங்கதை உணர்ந்திருந்தது. செங்சென் லாமாவின் மாடத்தில் அத்தகைய நூல் எதனையும் எவரும் கட்டிலர்.

திருக்குறளின் அமைப்பை நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். ஒற்றாடல் 59ஆம் அதிகாரமாய்ப் பொருட்பாலில் நிற்கின்றது. செய்ந்நன்றியறிதல் 11ஆம் அதிகாரமாய் அறத்துப்பாலில் அதற்கு நெடிது முன்னரே நிற்கின்றது. அரசற்கு ஒற்று வேண்டுமென்று கூறிய அவ்வாசிரியரே, நன்றி கொன்றவர்க்கு உய்வில்லை என்பதை முதலிலேயே உரைத்துவிட்டனர். பொருட்பாலைக் கற்கப் புகுவோன் அறத்துப்பாலைக் கற்றுவிட்டே வருதல் வேண்டும் என்பது அவ்வைப்புமுறை உணர்த்தும் பொருள் என்று யாம் கருதுகின்றோம்.

இன்று ஒற்றாடலின் கருவிகள் மாறிவிட்டன. வானிற் சுழலும் கோள்கள் நிலத்தை அங்குலம் அங்குலமாகப் படம் பிடிக்கின்றன. செபமாலை உருட்டி அடி எண்ணுவார் எவருமிலர். ஆயினும் ஒருவன் நம்பிக்கையை மற்றொருவன் கருவியாக்கிக் கொள்ளும் அடிப்படை மாறவில்லை. ஆதலின் பள்ளியில் ஆசியாப் படத்தை விரித்துச் சாங்போவின் நெறியை நம் பிள்ளைகட்குக் காட்டும் ஆசிரியன்மார், அதனை அடியளந்த நைன்சிங்கின் பெயரைக் கூறுக. சொல் தவறாது மரத்துண்டு விட்ட கிந்தப்பின் பெயரைக் கூறுக. அவர்களோடு, கதவு திறந்ததற்காக ஆற்றில் மாய்ந்த செங்சென் லாமாவின் பெயரையும் தவறாது கூறுக. அப்படத்தின் கோடுகளில் ஒரு பங்கு அவர்க்கும் உரியது.